உடம்புக்கும் ஒரு பேரேடு



நம் கடைத் தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு முறையும், கைத்தராசையும் எடைக்கற்களையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் சரிபார்த்து முத்திரை வாங்கி வைத்துவிடுகிறோம். ஜி.எஸ்.டி. கணக்கைத் தேதி தவறாமல் தாக்கல் செய்கிறோம். பருப்பு மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கிறோம். இத்தனையையும் பார்க்கிற நம் உடம்பை மட்டும், அது படுக்கையில் தள்ளும் வரை பார்ப்பதில்லை.

அரசு ஊழியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. படுத்தாலும் சம்பளம் வரும். கம்பெனி ஊழியர் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் வேலையைப் பார்ப்பார். நமக்கு அப்படியில்லை. முதலாளி படுத்தால் ஷட்டர் இறங்கிவிடும். கொடுத்த கடன் நிற்கும். வாங்கிய கடன் நிற்காது. ஆகவே உடல்நலம் என்பது நமக்கு வியாபாரத்தின் முதலீடுகளில் ஒன்று. அந்த முதலீடு தேய்கிறதா, வளர்கிறதா என்று காட்டும் அளவுகள் சிலவற்றை இந்தக் கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். நாம் மருத்துவர்கள் அல்லர். சிகிச்சை சொல்ல வரவில்லை. டாக்டர் தரும் சீட்டில் உள்ள எண்களை வாசிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

கல்லாப்பெட்டியில் கிடந்த சீட்டு

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைத்தெருவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. குடும்பத்தாரின் சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர். வயது 52. காலை 6 மணிக்குக் கடை திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் பூட்டுவார். 30 ஆண்டுகளாக ஒரு நாள்கூட நோயென்று படுத்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. தீபாவளிக்கு முந்தைய வாரம், சர்க்கரை மூட்டை இறக்கும் நேரத்தில் அவருடைய வலது கை தொய்ந்தது, பேச்சு குழறியது. வெயில் மயக்கம் என்று நினைத்துப் பையன்கள் சோடா கொடுத்து, மூட்டைகளின் மேல் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஐந்து மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. பக்கவாதம். உயிர் பிழைத்தார். ஆனால் கையும் பேச்சும் முழுமையாகத் திரும்பவில்லை. அந்த ஆண்டுத் தீபாவளி வியாபாரம் போயிற்று. வாடிக்கையாளர் பாக்கியில் பாதி அவர் மனக்கணக்கில் இருந்தது, அதுவும் போயிற்று. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பை நிறுத்திக் கல்லாவில் உட்கார்ந்தார்.

கல்லாப்பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது, பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே ஒரு சீட்டு மகன் கையில் அகப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சங்க ஆண்டு விழாவில் நடந்த மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு. ‘இரத்த அழுத்தம் 168/104. டாக்டரைப் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தது.

முகாம் நடத்தியது நாம்தான். அளந்தோம், சீட்டுக் கொடுத்தோம், படம் எடுத்து இந்த இதழில் போட்டோம். அவர் டாக்டரைப் பார்த்தாரா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. அளப்பது பாதி வேலைதான். அளந்ததை ஏட்டில் ஏற்றி, அதன்படி நடந்து, மறுபடி அளப்பது மீதிப் பாதி. அந்த மீதியைச் செய்யாததன் விலையை அந்தக் குடும்பம் கொடுத்தது.

வலிக்காத நோய்கள்

‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் பரிசோதனை?’ என்பது நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி. பல்வலி வந்தால் சொல்லிவிடும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தொடக்கத்தில் சொல்வதில்லை. கூரையில் சிறு ஒழுக்கு இருந்து, அடி மூட்டையைத் தூக்கும்போதுதான் சரக்கு கெட்டது தெரிவது போல, இரத்தக் குழாயும் சிறுநீரகமும் கண்ணும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் பழுதாகி வருகின்றன.

2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதற்கு முந்தைய நிலையில். 31 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று அது மதிப்பிட்டது. நம் தெருவில் வரிசையாக உள்ள கடைகளை எண்ணிப் பார்த்தால், இது யாரோ எவரோ பற்றிய கணக்கு அல்ல என்பது விளங்கும்.

முதல் அளவு: இடுப்புச் சுற்றளவு

இதற்கு ஆஸ்பத்திரி வேண்டாம். பக்கத்துத் தையற்கடை நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது. ‘என் பேன்ட் 34 அங்குலம்தானே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம்மில் பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்டையோ வேட்டியையோ கட்டுகிறோம்.

எடையை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். 165 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்கு இது 25. நம் நாட்டவருக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று கொள்கிறார்கள். ஆனால் கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னே நிற்பது நம்மவர்களிடம் அதிகம். அவர்களுக்கு எடை சரியாக இருப்பதுபோல் தோன்றும். வயிற்றுக் கொழுப்போ இன்சுலினின் வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே தராசும் நாடாவும் இரண்டும் வேண்டும்.

நாமே போடும் மதிப்பெண்

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கி 2005இல் வெளியிட்ட ஓர் எளிய மதிப்பெண் முறை உண்டு. ஊசி இல்லை, செலவில்லை. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது 35க்குக் கீழ் என்றால் 0. 35 முதல் 49 வரை 20. 50 அல்லது அதற்கு மேல் 30.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90க்குக் கீழ், பெண்களுக்கு 80க்குக் கீழ் என்றால் 0. ஆண்களுக்கு 90 முதல் 99 வரை, பெண்களுக்கு 80 முதல் 89 வரை 10. அதற்கு மேல் 20.

தவறாத உடற்பயிற்சி, கடினமான உடல் உழைப்பு இரண்டும் உண்டு என்றால் 0. ஏதாவது ஒன்று உண்டு என்றால் 20. இரண்டும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30.

பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் இல்லை என்றால் 0. ஒருவருக்கு உண்டு என்றால் 10. இருவருக்கும் உண்டு என்றால் 20.

கூட்டிப் பாருங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30க்குக் கீழ் குறைவு.

உதாரணத்துக்கு நம்மில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 48 (20), இடுப்பு 96 (10), நாள் முழுவதும் கல்லாவில் (30), தாயாருக்குச் சர்க்கரை (10). மொத்தம் 70. இவருக்கு எந்த உபத்திரவமும் இல்லை; ஆனாலும் பரிசோதனைக்குப் போக வேண்டியவர். இந்த நான்கில் வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. இடுப்பையும் உழைப்பையும் மாற்றலாம். மூட்டை தூக்கும் பையனுக்கு இருக்கும் உழைப்பு, பில் போடும் முதலாளிக்கு இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரத்த அழுத்தம்: இரண்டு எண்கள் ஏன்?

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் விரிந்து ஓய்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். கையில் பட்டை கட்டி, காற்றடித்து, ஸ்டெதஸ்கோப் வைத்து இவ்விரண்டையும் கேட்டறியும் முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோஃப் வெளியிட்டார். பாதரச மானி போய் மின்னணுக் கருவி வந்த பிறகும் அளவின் பெயர் ‘மில்லிமீட்டர் பாதரசம்’ என்றே நிற்கிறது.

120/80க்குக் கீழே இருப்பது நல்ல அளவு. வெவ்வேறு நாட்களில் மருத்துவமனையில் அளந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம். இரண்டில் ஒரு எண் தாண்டினாலும் கணக்கில் சேரும். வீட்டில் நிதானமாக அளக்கும்போது சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால், வீட்டுச் சராசரிக்கு 135/85 எல்லை. 180/120ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

தராசு சமதளத்தில் இல்லாவிட்டால் எடை பிசகும் அல்லவா? இங்கும் அப்படியே. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, பீடி, சிகரெட், புகையிலை கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் பதிந்திருக்க, கால்மேல் கால் போடாமல், பட்டை கட்டிய கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். கை தொங்கினாலும், பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் அளவு கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ‘துவரம் பருப்பு என்ன விலை’ என்று செல்போனில் கேட்டுக்கொண்டே அளந்த அழுத்தம், துவரம் பருப்பு விலையைத்தான் காட்டும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டுக்குக் கருவி வாங்குவோர் மணிக்கட்டில் கட்டுவதைவிட, மேற்கையில் கட்டுவதை வாங்குவது நல்லது. காலையும் மாலையுமாக ஒரு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டினால், ஒரே ஒரு நாள் அளவைவிட அது அவருக்குப் பெரிதும் உதவும். டாக்டரைக் கண்டதுமே அழுத்தம் ஏறுகிறவர்களும் உண்டு; அங்கே சரியாக இருந்து கடையில் ஏறுகிறவர்களும் உண்டு. ஒரு வார ஏடு இருவரையும் காட்டிக்கொடுத்துவிடும்.

‘மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாதாமே’ என்று பயந்து தள்ளிப் போடுகிறவர்கள் நம்மில் ஏராளம். மாத்திரையை விட முடியாமல் போவது மாத்திரையின் குற்றம் அன்று. நோய் நிற்பதால் மருந்தும் நிற்கிறது. அளவு சரியாகிவிட்டது என்று நாமே நிறுத்துவதுதான் பெரும் ஆபத்து. உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்ஸர் எல்லாம் அந்த ஒரு கரண்டிக்குள் அடக்கம்.

சர்க்கரை: அன்றைய விற்பனையும் காலாண்டுச் சராசரியும்

சர்க்கரைக்கு மூன்று பரிசோதனைகளின் பெயர் அடிக்கடி காதில் விழும்.

முதலாவது, வெறும் வயிற்றில். எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் உண்ணாமல் எடுப்பது. ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் சரி. 100 முதல் 125 வரை முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய்.

இரண்டாவது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது. 140க்குக் கீழ் சரி. 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200 அல்லது அதற்கு மேல் நோய். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்து இதில் மாட்டுகிறவர்கள் பலர்.

மூன்றாவது, எச்.பி.ஏ1சி. இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் சதவீதம். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை இது காட்டுகிறது. 5.7க்குக் கீழ் சரி, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் நோய்.

முதல் இரண்டும் ஒரு நாள் விற்பனையைப் பார்ப்பது போன்றவை. மூன்றாவது காலாண்டுச் சராசரி. பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் கஞ்சி குடித்து நல்ல எண் வாங்குகிறவர்கள் இதனிடம் ஏமாற்ற முடியாது. ஆனால் இரத்தசோகை முதலிய சில நிலைகளில் இந்த எண்ணும் தவறாகக் காட்டும். அதனால் டாக்டர் மற்றவற்றையும் சேர்த்தே பார்ப்பார். முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்ப்பது சந்தேகத்தை எழுப்பத்தான். நோய் உண்டா என்று உறுதி செய்வது ஆய்வகப் பரிசோதனை. உபத்திரவம் எதுவும் இல்லாதவருக்கு ஒரு முறை எண் கூடுதலாக வந்தால், மறுபடியும் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

முந்தைய நிலை என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய நிலையில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100க்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகளானார்கள். நடையையும் உணவையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 100க்கு 39 பேர். மாத்திரை இல்லாமலே 16 பேர் மிச்சம். எந்த வியாபாரத்தில் இத்தனை இலாபம் கிடைக்கும்?

ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறோம். நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 12 கரண்டி. ஏறத்தாழ 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. நம் கடையிலேயே ஒன்றரைக் கிலோ சர்க்கரையைப் பொட்டலம் கட்டி எதிரே வைத்துப் பாருங்கள். டீயில் மட்டும் ஒரு ஆள் ஒரு மாதத்தில் விழுங்குவது அது.

கொழுப்பின் கணக்கு

இரத்தக் கொழுப்புச் சீட்டில் நான்கு எண்கள் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குக் கீழ் இருக்கலாம். எல்.டி.எல். என்பது குழாய்ச் சுவரில் படிவது. 100க்குக் கீழ் நல்லது. இதய நோய் வந்தவர்களுக்கு டாக்டர் இன்னும் குறைவாகக் கேட்பார். எச்.டி.எல். என்பது நல்ல கொழுப்பு என்று சொல்லப்படுவது. ஆண்களுக்கு 40க்கு மேல், பெண்களுக்கு 50க்கு மேல் இருக்க வேண்டும். டிரைகிளிசரைடு 150க்குக் கீழ். இந்த நான்கில் டாக்டர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் எல்.டி.எல். எண்ணைத்தான்.

எண்ணெய் விற்கிற நமக்கு ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது தனிப் பெருமை அன்று. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் உறைகொழுப்பு அதிகமுள்ள பாமாயில், தேங்காயெண்ணெய், வனஸ்பதி முதலியவற்றை அளவுக்கு மீறிச் சேர்த்தால் நம் உடம்பில் எல்.டி.எல். கூடும். வாடிக்கையாளர் கேட்டால் நாமும் சரியாகச் சொல்லலாம்.

நோய் உண்டு என்று தெரிந்தவர்களுக்கு

சர்க்கரையோ அழுத்தமோ ஏற்கெனவே உள்ளவர்கள், அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. ஆண்டுக்கு ஒரு முறை மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, சிறுநீரகம். இரத்தத்தில் கிரியேட்டினினும், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வடிகட்டும் திறனும், சிறுநீரில் அல்புமினும் பார்ப்பார்கள். வடிகட்டும் திறன் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் சிறுநீரக நோய். சிறுநீரில் புரதம் கசிவது அதற்கும் முன்பே தெரியும். அப்போதே பிடித்தால் பல ஆண்டுகள் காப்பாற்றலாம்.

இரண்டு, கண். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை. கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிப்பது இதற்கு ஈடாகாது. பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரை பழுதாகியிருக்கலாம்.

மூன்று, பாதம். நாள் முழுவதும் நிற்கிற நமக்கு இது முக்கியம். உணர்ச்சி குறைந்த காலில் சாக்கு ஊசி குத்தினாலும் தெரியாது. தினம் இரவு கடை பூட்டிய பிறகு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வாயும், வீட்டுப் பெண்களும்

வெற்றிலை, பாக்கு, புகையிலை நம் கடைகளில் விற்கிற பொருளாகவும், நம்மில் சிலருக்கு மெல்லுகிற பொருளாகவும் இருக்கின்றன. மெல்லுகிறவர்கள் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரலை நிமிர்த்தி உள்ளே விட முடியாதபடி வாய் குறுகுவது, இவற்றில் எது கண்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையைக் கண்ணாலேயே பிடிக்கலாம் என்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

வீட்டுப் பெண்களை நாம் பரிசோதனைக்கு அழைத்துப் போவதே இல்லை. வீட்டையும் பார்த்து, கடையிலும் பாதி வேலை செய்கிற அவர்கள் தமக்கு என்ன வந்தாலும் சொல்வதில்லை. 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும் என்பது அரசின் திட்ட வழிகாட்டுதல். கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசல் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். மார்பில் கட்டி தெரிந்தால் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை; மறுநாளே போக வேண்டும். ஹீமோகுளோபினையும் பாருங்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறையக் கூடாது.

தேவைக்கு மேல் கொள்முதல் வேண்டாம்

‘80 பரிசோதனை, பாதி விலை’ என்று விளம்பரங்கள் வருகின்றன. விற்காத சரக்கைச் சலுகை விலைக்கு வாங்கி அடுக்குகிறவன் வியாபாரி அல்லன். இங்கும் அதே விதி. ஆய்வகச் சீட்டில் ‘இயல்பான அளவு’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100க்கு 95 பேர் அடங்கும் எல்லை. ஆகவே 20 பரிசோதனை செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டித் தடித்த எழுத்தில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். பிறகு அதைத் துரத்திக்கொண்டு செலவும் கவலையும். ஆரோக்கியமாக உள்ளவர், புற்றுநோய் இருக்கிறதா என்று அறிய இரத்தத்தில் ‘டியூமர் மார்க்கர்’ பார்ப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை.

உணவுப் பொருளைக் கையாளும் பணியாளர்களுக்காக ஆண்டுதோறும் வாங்குகிற மருத்துவச் சான்றையும் இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொற்று நோய் வாடிக்கையாளருக்குப் பரவாமல் காப்பதற்காக அது. நம் அழுத்தத்தையும் சர்க்கரையையும் அது கவனித்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது.

30 வயது கடந்த அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறை எடை, இடுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தால் அடிப்படை முடிந்தது. கொழுப்பும் மற்றவையும் எப்போது என்பதை டாக்டர் சொல்வார். அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இவற்றைப் பார்த்து மாத்திரையும் கொடுத்தார்கள். பணமில்லை என்று தள்ளிப் போட இடமில்லை. நேரமில்லை என்பதுதான் நம் சாக்கு.

சங்கத்தின் வேண்டுகோள்

வரும் ஆண்டு விழாவிலும் மருத்துவ முகாம் உண்டு. ஆனால் இம்முறை சீட்டுக் கிடையாது. ஒவ்வொருவருக்கும் கையடக்கமான ஒரு குறிப்பேடு தரப்படும். தேதி, எடை, இடுப்பு, அழுத்தம் இரண்டு முறை, சர்க்கரை, டாக்டர் சொன்னது, அடுத்த தேதி என்று பக்கத்துக்கு ஏழு கட்டங்கள். எல்லை தாண்டியவர்களிடம் ஒரு மாதத்தில் சங்கத்திலிருந்து ஒருவர், ‘டாக்டரைப் பார்த்தீர்களா?’ என்று கேட்பார். அந்தரங்கம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவர்களிடம் கேட்க மாட்டோம். கடைப் பணியாளர்களையும் வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.

இன்னொன்றையும் எல்லாக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் சோடா கொடுக்கக் கூடாது. படுக்க வைத்துக் காத்திருக்கவும் கூடாது. உடனே 108. மூளை இரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

அந்த மூத்த உறுப்பினர் இப்போதும் மாலை வேளையில் கடைக்கு வந்து உட்காருகிறார். இடது கையால் எழுதப் பழகியிருக்கிறார். இந்தக் கட்டுரையை அவரிடம் வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துக் காட்டினார். தேதிவாரியாக அவருடைய இரத்த அழுத்தம், இடது கை எழுத்தில். கடைசி வரி 128/82. அதைப் பார்த்துத்தான் முகாமில் சீட்டுக்குப் பதில் நோட்டு என்று முடிவு செய்தோம்.

உறுப்பினர்கள் இன்றே நாடாவை எடுத்து இடுப்பை அளந்து, மதிப்பெண்ணைக் கூட்டி, இந்த இதழின் ஓரத்திலேயே தேதியுடன் எழுதி வையுங்கள். அதுவே உங்கள் பேரேட்டின் முதல் பதிவாக இருக்கட்டும்.